கிளப் வாசலைச் சாத்திவிட்டது, வழக்குப் போடலாமா?

இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கும் கடிதம் ஒரு கால்பந்து நிருபருடையது. நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன். கிளப், பத்திரிகை, ஆட்கள் யாரும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவர் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், முப்பது வயதை நெருங்குகிறார். டர்பன் பக்கத்துப் பத்திரிகை ஒன்றுக்காக, தென்னாப்பிரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீக்கான பிஎஸ்எல்லில் ஆடும் ஒரே ஒரு கிளப்பைப் பற்றி மூன்று வருடமாக எழுதி வருகிறார். காலையில் பயிற்சி மைதானம், மதியம் கோச்சிடம் நாலு வார்த்தை, வாரத்தில் ஓர் இரவாவது ஆட்டம். கடைசி விசில் ஊதும்போதே செய்தி அலுவலகத்தில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் அவரே பில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார். ஒப்பந்தத்தில் அவர் ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’.

போன மாதம் அவர் ஒரு செய்தி எழுதினார். வீரர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை, தொடைத் தசையில் காயம்பட்ட முன்னணி வீரர் ஒருவரை ஊசி போட்டு ஆட வைக்கிறார்கள் என்பது செய்தி. தகவல் கொடுத்தவர் கிளப்பிலேயே வேலை பார்ப்பவர். மறுநாள் காலை கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இவரை நீக்கிவிட்டார்கள். பயிற்சி மைதானத்துக்குப் போனால், தெரிந்த செக்யூரிட்டியே கேட்டில் நிறுத்தி, “உங்களை மட்டும் விடக் கூடாதாம் அண்ணா” என்றாராம். இரண்டு நாளில் வக்கீல் நோட்டீஸும் வந்துவிட்டது. ஏழு நாளுக்குள் செய்தியை வாபஸ் வாங்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், தகவல் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மில்லியன் ரேண்ட் நஷ்ட ஈடு. ஆசிரியரோ, “நமக்கு எதற்கு வம்பு? மன்னிப்பு எழுதிக் கொடு. அடுத்த மாதத்திலிருந்து பள்ளிக்கூட விளையாட்டைப் பார்” என்கிறாராம். அம்மாவுக்கு இந்த வேலையே வேண்டாம்; ராத்திரி பத்து மணிக்கு மேல் மகன் எந்த டாக்ஸியில் வருகிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லையாம்.

அவர் கேட்பது இவை: கிளப் மேல் பத்திரிகைச் சுதந்திர வழக்குப் போடலாமா? பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா? மன்னிப்புக் கேட்பதா? தகவல் தந்தவர் பேசியதை அவருக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அது குற்றமா? கடைசியில், வெட்கத்தோடு, ஒரு வரி: “இரண்டு முறை கேப் டவுன் ஆட்டத்துக்குக் கிளப்தான் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்தது அக்கா.”

தம்பி, உங்கள் கோபம் முழுக்கக் கிளப் மேல் இருக்கிறது. கடிதத்தை இரண்டு தடவை படித்த பிறகு எனக்குக் கவலையாக இருப்பது கிளப் அல்ல, உங்கள் பத்திரிகை அலுவலகம். சட்டம் உங்களுக்கு நிஜமாகக் கைகொடுப்பதும் அந்தப் பக்கம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கேட்டிலிருந்து தொடங்குவோம்.

பயிற்சி மைதானத்தின் கேட்

அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவைக் காட்டி, “என்னை உள்ளே விடாதது சட்ட விரோதம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவு உங்களுக்குக் கொடுப்பது எழுதும் சுதந்திரம், தகவலைப் பெறவும் பரப்பவும் சுதந்திரம். ஒரு தனியார் கிளப்பின் மைதானத்துக்குள் போய் நிற்கும் உரிமையை அது தரவில்லை. பயிற்சியைப் பார்ப்பது, வாட்ஸ்அப் குழுவில் இருப்பது, கோச்சோடு தனியாகப் பேசுவது எல்லாம் கிளப் பார்த்துக் கொடுத்தவை. கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அற்பமான செயல்தான், ஆனால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் செயல் இல்லை. இதற்காக ஒரு வழக்கறிஞருக்கு நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரேண்டும் வீண்.

போட்டி நாள் வேறு விஷயம். அன்றைக்கு உங்கள் கழுத்தில் தொங்குவது லீக் கொடுத்த அட்டை. அது இன்னும் செல்லுபடியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் அடுத்த ஆட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், வழக்கமான இடத்தில் உட்காருங்கள், ஆட்டம் முடிந்து செய்தியாளர் சந்திப்பில் கையைத் தூக்குங்கள். மைக் கொடுக்கவில்லையா, யார் கொடுக்கவில்லை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். லீக்கின் ஊடகப் பிரிவுக்குப் புகார் போக வேண்டும், அதை எழுத வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் விளையாட்டுப் பக்க ஆசிரியர். அவர் எழுத மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஆசிரியர்களின் தேசிய மன்றமான சானெஃப் இப்படிப்பட்ட தடைகளைக் கண்டித்து எழுதுவது உண்டு. ஒரு நிருபர் மூலையில் நின்று முணுமுணுப்பதைவிட அதற்குக் கனம் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். “பயிற்சியைப் பார்க்காமல் இந்தக் கிளப்பைப் பற்றி எப்படி எழுதுவேன்?” என்று கேட்கிறீர்கள். உங்கள் சம்பளச் செய்தி பயிற்சி மைதானத்திலா கிடைத்தது? அங்கே முதல் பதினைந்து நிமிடம் ஓட்டமும் நீட்டலும் பார்க்க விடுவார்கள், அப்புறம் வெளியே போகச் சொல்வார்கள். விஷயம் உள்ள இடங்கள் வேறு. வீரர்களின் சங்கமான சாஃப்பூ இருக்கிறது. ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். சம்பளத் தகராறுகள் லீக்கின் தகராறு தீர்க்கும் அமைப்புக்குப் போகின்றன. டர்பனின் பெரிய மைதானங்கள் நகராட்சியின் சொத்து, மோசஸ் மபிடா உட்பட. நகராட்சியோடு எந்தக் கிளப் என்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறது, வாடகை பாக்கி எவ்வளவு என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி நீங்கள் மனுப் போடலாம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். நகராட்சி இழுத்தடிக்கும், அது நமக்குத் தெரியாததா? ஆனாலும் போடுங்கள். கேட் சாத்தப்பட்ட நிருபர்கள் சிலர் அதற்குப் பிறகுதான் நல்ல நிருபர்கள் ஆனார்கள்.

நோட்டீஸில் உள்ள ஏழு நாள்

அந்த ஏழு நாள் சட்டம் வைத்த கெடு இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் தானாக வைத்த தேதி. எட்டாம் நாள் வானம் இடிந்து விழாது. அவதூறு வழக்குப் போட அவர்களுக்குப் பொதுவாக மூன்று வருடம் அவகாசம் உண்டு. நீங்கள் பயப்பட வேண்டிய காகிதம் சம்மன். நீதிமன்றத்தின் ஆளான ஷெரிஃப் கையில் அது வந்தால், எதிர்வாதம் செய்யப் போகிறோம் என்ற அறிவிப்பை உயர் நீதிமன்றத்தில் பத்து நீதிமன்ற நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தவற விட்டால் உங்கள் பேச்சைக் கேட்காமலேயே தீர்ப்பு வரலாம். இன்னும் சம்மன் வரவில்லை. அதற்காக நோட்டீஸுக்குப் பதில் போடாமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை, பதில் பத்திரிகையின் வக்கீல் வழியாகப் போகட்டும். நீங்களாக ஃபேஸ்புக்கில் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

“கிளப் ஒரு கம்பெனிதானே, கம்பெனிக்கு ஏது மானம்?” என்று ஒரு நண்பர் தைரியம் சொன்னாராம். அந்த நண்பர் சட்டம் படித்தவர் இல்லை என்று நினைக்கிறேன். நம் நாட்டில் வணிக நிறுவனமும் அவதூறு வழக்குப் போடலாம். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-லேயே அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் 2022-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒரு சுரங்க நிறுவனம் தொடுத்த வழக்கில் அதற்கு ஒரு வரம்பு போட்டது. பேச்சு பொது நலன் சார்ந்த விவாதத்தின் பகுதியாக இருந்தால், நிறுவனத்துக்குப் பொதுவான நஷ்ட ஈடு தருவதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் யோசித்து முடிவு செய்யும். அதே வழக்கில் அன்றே வந்த இன்னொரு தீர்ப்பு, வாயை அடைப்பதற்காகவே போடப்படும் வழக்குகளை நடைமுறைத் துஷ்பிரயோகம் என்று எதிர்க்கவும் வழி விட்டிருக்கிறது. உங்கள் பக்கம் வலுவான விஷயம் இது.

ஒரு மில்லியன் என்ற தொகை பயமுறுத்துவதற்காகப் போட்டது. முன்னாள் நிதியமைச்சர் ட்ரெவர் மானுவல், தன்னை ஊழல்வாதி என்று ஓர் அரசியல் கட்சி ட்விட்டரில் எழுதியதற்காக வழக்குப் போட்டபோது, 2019-ல் உயர் நீதிமன்றம் கொடுத்தது 500,000 ரேண்ட். அந்தத் தொகையையும் மேல்முறையீட்டில் ரத்து செய்து, சாட்சியம் கேட்டு மறுபடி முடிவு செய்யச் சொன்னார்கள். ஒரு கால்பந்துக் கிளப்பின் மனக்கசப்புக்கு அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. நிஜமான அச்சம் நஷ்ட ஈடு இல்லை, வழக்குச் செலவு. வருடக்கணக்கில் இழுக்கும்.

சரி, உங்கள் தரப்பு எவ்வளவு உறுதி? செய்தியில் ‘சொல்லப்படுகிறது’ என்று சேர்த்திருப்பதால் தப்பிவிட்டோம் என்று நினைக்கிறீர்கள். அது ஒரு பாதுகாப்பும் இல்லை. வதந்தியைத் திரும்பச் சொன்னவரும் சொன்னவர்தான். நம் சட்டத்தில் பத்திரிகைக்கு இரண்டு பெரிய கேடயங்கள் இருக்கின்றன. ஒன்று, சொன்னது உண்மை, அதைச் சொல்வதில் பொது நன்மையும் இருக்கிறது என்று காட்டுவது. இரண்டும் வேண்டும், உண்மை மட்டும் போதாது. மற்றது 1998-ஆம் ஆண்டு போகோஷி வழக்கில் வந்தது: ஒரு விவரம் தவறாகப் போயிருந்தாலும், அந்தச் சூழ்நிலையில் வெளியிட்டது நியாயமானதாக இருந்தால் பத்திரிகை தப்பலாம். நியாயமா இல்லையா என்று பார்க்கும்போது நீதிபதி உங்கள் நோட்டுப் புத்தகத்தைத்தான் பார்ப்பார். யாரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் சொன்னார்கள், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள்?

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துகிறது. கிளப்பின் ஊடக அதிகாரிக்கு நீங்கள் வாட்ஸ்அப் அனுப்பியது மாலை 5:20-க்கு. செய்தி 6 மணிக்குப் பக்கம் ஏறிவிட்டது. நீல டிக் வரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். ‘கருத்துக் கேட்டோம், பதில் இல்லை’ என்று அச்சிட்டீர்கள். விமர்சனச் செய்தி என்றால் சம்பந்தப்பட்டவரின் கருத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. நாற்பது நிமிடத்தை யாரும் தாராளம் என்று சொல்ல மாட்டார்கள். அது இரவு ஆட்டத்தின் முடிவு இல்லை, மறுநாளும் கெட்டுப்போகாத செய்தி. ஒரு நாள் தள்ளியிருக்கலாம்.

அடுத்தது, ‘இரண்டு மாதம்’. நீங்கள் அனுப்பிய குறிப்புகளில், முதல் மாதச் சம்பளம் வரவே இல்லை என்றும், இரண்டாவது மாதத்தில் பாதி பத்து நாள் தாமதமாக வந்தது என்றும் இருக்கிறது. அப்படியானால் அது இரண்டு மாதம் இல்லை, ஒன்றரை மாதம். சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் ஃபிஃபாவின் வீரர் ஒப்பந்த விதிகளில் 14பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது: குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தைக் கிளப் உரிய நாளில் தராவிட்டால், வீரர் எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். அதாவது, ‘இரண்டு மாதம்’ என்று எழுதுவது, ‘இந்தக் கிளப்பின் வீரர்கள் நாளைக்கே எழுந்து போகலாம்’ என்று எழுதுவதற்குச் சமம். கிளப்புக்கு அது ஏன் அவ்வளவு சுட்டது என்று இப்போது புரிகிறதா? அந்த எண்ணைத் திருத்தி வெளியிடுங்கள். மன்னிப்பாக இல்லை, திருத்தமாக. செய்தியின் அடிப்படை அப்படியே நிற்கும்.

பொது நன்மை விஷயத்தில் நீங்கள் தயங்கவே வேண்டாம். சாட்ஸ்வொர்த்துக்காரருக்கு நான் இதை விளக்க வேண்டுமா? பிஎஸ்எல்லின் முதல் பட்டத்தை 1997-ல் வென்ற மானிங் ரேஞ்சர்ஸ் நம் ஊர்க் கிளப். பத்து வருடம் கூட ஆகவில்லை, உரிமம் கைமாறிப் பெயரே இல்லாமல் போனது. 1921-ல் தொடங்கிய ஜோகன்னஸ்பர்க் கிளப் விட்ஸ், 2017-ல் லீக்கை வென்றுவிட்டு, 2020-ல் லீக் இடத்தை விற்றுவிட்டுப் போய்விட்டது. இந்த நாட்டில் ஒரு கிளப்பின் பணப் பெட்டி காலியாவது ரசிகர்களுக்கும், டிக்கெட் விற்பவர்களுக்கும், மைதானம் கட்டிய வரி செலுத்துவோருக்கும் தெரிய வேண்டிய செய்தி. எந்த நீதிபதி முன்னாலும் இதை நிமிர்ந்து சொல்லலாம்.

ஊசிச் செய்தி வேறு கணக்கு

சம்பளச் செய்தியையும் காயச் செய்தியையும் நீங்கள் ஒரே செய்தியாகப் பார்க்கிறீர்கள். ஒரே தலைப்பின் கீழ் வந்ததால் அப்படித் தெரிகிறது. நான் இரண்டையும் பிரிக்கச் சொல்வேன்.

முன்னணி வீரர் காயத்தோடு ஆடுகிறார் என்பது விளையாட்டுச் செய்தி, கிளப்புகளே வாரா வாரம் காயப் பட்டியல் வெளியிடுகின்றன. ஆனால் நீங்கள் அதோடு நிற்கவில்லை. தகவல் தந்தவர் டாக்டரின் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பியதைப் பார்த்து, மருந்தின் பெயர், அளவு, பழைய ஒரு நோய் பற்றிய வரி எல்லாவற்றையும் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வீரர் உங்களிடம் பேசவே இல்லை. அவருக்கும் அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அந்தரங்க உரிமை கொடுக்கிறது. ஒருவருடைய மருத்துவ விவரத்தைப் பெயரோடு வெளியிடுவதை அரசியல் சட்ட நீதிமன்றம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கும் என்பதை 2007-ல் மூன்று பெண்கள் தொடுத்த வழக்கு காட்டியது. அவர்களுடைய எச்ஐவி நிலை அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு புத்தகத்தில் வெளியாகியிருந்தது. நீதிமன்றம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. உங்கள் விஷயம் அந்த அளவு இல்லை. ஆனாலும் பழைய நோய் பற்றிய அந்த வரிக்குப் பொது நன்மை எதுவும் சொல்ல எனக்கு வரவில்லை. பத்திரிகைப் பணிக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது எதையும் அச்சிடலாம் என்ற உரிமம் ஆகிவிடாது.

ஆகவே மன்னிப்புக் கேட்பதா என்ற கேள்விக்கு என் பதில்: கேளுங்கள், கிளப்பிடம் இல்லை, அந்த வீரரிடம். அந்த ஒரு பத்திக்கு மட்டும். இணையப் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, எடுத்ததையும் சொல்லி, வீரருக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதுங்கள். முழுச் செய்திக்கும் மொத்தமாக மன்னிப்பு எழுதித் தந்தால், நாளைக்குக் கிளப் அதை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்து, அடுத்த நிருபரிடமும் காட்டும்.

தகவல் தந்தவர்

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்காக ஒரு பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உலகத்தில் யாருக்கும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆவது பிரிவின் கீழ் ஒருவரை நீதிமன்றம் அழைத்துக் கேட்கலாம், ஆனால் அது குற்ற விசாரணைக்கானது. சிவில் வழக்கிலும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம், தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க ஒரு பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்த மறுத்தது. முழுமையான விலக்கு என்று சொல்ல மாட்டேன், வழக்குக்கு வழக்கு எடைபோடுவார்கள். உங்கள் நிலை நல்ல நிலைதான்.

போன் பதிவு குற்றம் இல்லை. உரையாடலில் நீங்களே ஒரு பங்காளி. அப்படிப் பேசுகிறவர் பதிவு செய்துகொள்ளலாம் என்று, உரையாடல்களை ஒட்டுக்கேட்பதைக் கட்டுப்படுத்தும் ரிக்கா சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. மற்ற இருவர் பேசுவதை ஒளிந்திருந்து பதிவு செய்தால்தான் சிக்கல். சட்டம் சரி, மரியாதை சரியில்லை. உங்களை நம்பிப் பேசியவரிடம் இப்போதாவது சொல்லிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு பதிவையோ நோட்டையோ அழித்தால், ஒளிக்க ஏதோ இருந்தது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

அவர் நிலைமை உங்கள் நிலைமையைவிட மோசம் என்பதையும் யோசித்தீர்களா? ஊழலை வெளிப்படுத்தும் ஊழியரைக் காக்க 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் நேராகப் பத்திரிகைக்குப் போனவருக்கு அது எளிதில் கைகொடுக்காது, நிபந்தனைகள் அதிகம். டாக்டர் குறிப்பின் படம் எத்தனை பேர் போனில் இருந்திருக்கும்? மூன்று பேரா, நாலு பேரா? கிளப் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடும். அந்தப் படத்தை அலுவலகத்தில் யாருக்கும் அனுப்பாதீர்கள். இனி அவரோடு கிளப் கொடுத்த போனில் பேசவே வேண்டாம்.

ஆசிரியரிடம் பெயரைச் சொல்வது துரோகமா என்று கேட்டிருந்தீர்கள். தகவல் தந்தவரோடு நீங்கள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்திருந்தால், அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆசிரியருக்கு ஒன்றுமே தெரியாமல் பத்திரிகை உங்களுக்காக வாதாட முடியாது. குறைந்தது, தகவல் தந்தவருக்கு அந்த விவரம் எப்படித் தெரியும், வேறு யார் அதை உறுதி செய்தார்கள் என்றாவது சொல்லுங்கள். அதே சமயம், மன்னிப்பு எழுதச் சொல்லி அவசரப்படுகிற ஆசிரியரிடம் பெயரை ஒப்படைக்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் பத்திரிகை

கிளப் கொடுத்த டிக்கெட்டை முதலில் முடித்துவிடுவோம். வேறு ஒரு நிறுவனம் செய்தி சேகரிக்கும் செலவைக் கொடுத்தால் அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறிமுறை. நீங்கள் சொல்லவில்லை, பத்திரிகையும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யார்? மின்னஞ்சலில் ‘செலவு மிச்சம், போய்வா’ என்று விளையாட்டுப் பக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார் என்கிறீர்களே, அதைப் பத்திரமாக வையுங்கள். கிளப் இதைக் கிளப்பும் முன்பே, உண்மையை எழுத்தில் தலைமை ஆசிரியருக்குத் தெரிவித்துவிடுங்கள். பணமில்லாத பத்திரிகைகள் விமானச் செலவைக் கிளப் தலையில் கட்டிவிட்டு, பிறகு நிருபரின் நேர்மையைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும்.

இப்போது முக்கியமான விஷயம். “நான் ஊழியன் இல்லை, ஒப்பந்தக்காரன், எனக்கு உரிமை இல்லை” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து மட்டும் நம் தொழிலாளர் சட்டம் முடிவு செய்வதில்லை. தொழிலாளர் உறவுகள் சட்டத்தின் 200ஏ பிரிவு சில அடையாளங்களைப் பட்டியலிடுகிறது: வேலையை எப்படிச் செய்வது என்பதை இன்னொருவர் கட்டுப்படுத்துகிறாரா, வேலை நேரம் அவர் கையில் இருக்கிறதா, கடந்த மூன்று மாதத்தில் அவருக்காகச் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது உழைத்தீர்களா, வருமானத்துக்கு அவரையே நம்பியிருக்கிறீர்களா, கருவிகளை அவர் தருகிறாரா, அவருக்கு மட்டும்தான் வேலை செய்கிறீர்களா, அந்த நிறுவனத்தின் அங்கமாக இருக்கிறீர்களா. இதில் ஒன்று பொருந்தினால் போதும், இல்லை என்று நிரூபிக்கும் வரை நீங்கள் ஊழியர்தான். உங்களுக்கு அலுவலக லேப்டாப், அலுவலக மின்னஞ்சல், காலை கூட்டத்துக்கு வராவிட்டால் திட்டு, வேறு பத்திரிகைக்கு எழுதத் தடை. எனக்குத் தெரிந்து அநேகமாக எல்லாமே பொருந்துகிறது. இந்த அனுமானம் அமைச்சர் அறிவிக்கும் வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு உரியது. அந்த வரம்பு அடிக்கடி மாறும், உங்கள் பில்களைக் கூட்டி இந்த வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதிய தொகையைப் பார்த்தால் நன்றாகவே கீழே இருப்பீர்கள் என்று தோன்றுகிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

ஊழியர் என்றால் என்ன கிடைக்கும்? அம்மாவின் கவலைக்கே ஒரு பதில் கிடைக்கும். மாலை 6-க்கு மேல் காலை 6-க்குள் நடக்கும் வேலை இரவு வேலை. அதற்கு ஈட்டுத்தொகையோ குறைந்த நேரமோ தர வேண்டும், வேலை முடிந்து வீடு திரும்பப் போக்குவரத்து இருக்கிறதா என்பதையும் முதலாளி பார்க்க வேண்டும். 7:30 ஆட்டத்துக்கு அனுப்பிவிட்டு, பத்தரைக்கு நீங்கள் எப்படிச் சாட்ஸ்வொர்த் போனால் எங்களுக்கென்ன என்று அவர்கள் இருக்க முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். வேலையை விட வேண்டாம், வண்டி கேட்கலாம்.

அடுத்து, வேலையை நிறுத்தினால் காரணமும் முறையும் வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுக்கு மாற்றுவது மட்டும் நீக்கம் ஆகாது. ஆசிரியருக்கு நிருபர்களை மாற்ற உரிமை உண்டு. வருமானம் குறைந்தால், அந்தஸ்து இறங்கினால் நியாயமற்ற நடவடிக்கை என்று கேட்கலாம், அதற்கு 90 நாள். ‘அடுத்த மாதம் பில் அனுப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அது வேறு. அன்றிலிருந்து 30 நாளுக்குள், தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவிடம் போக வேண்டும். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 30 நாள் கடந்துவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவே இல்லை. வழக்கு வந்தால் செலவு யாருடையது? அவதூறு வழக்கில் எழுதியவர், ஆசிரியர், வெளியிட்ட நிறுவனம் எல்லோரையும் சேர்த்தே இழுப்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் நகலில் கடைசிக்கு முந்தின பக்கத்தில், சின்ன எழுத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது: உங்கள் எழுத்தால் பத்திரிகைக்கு வரும் இழப்பை நீங்கள் ஈடுகட்ட வேண்டுமாம். மாதம் சில ஆயிரம் ரேண்டுக்கு எழுதுகிறவர், ஒரு நிறுவனத்தின் வழக்குச் செலவுக்கு ஜாமீன்! செய்தியை இரண்டு பேர் திருத்தி, ஆசிரியர் தலைப்புப் போட்டு வெளியிட்ட பிறகு இந்த ஷரத்தை உங்கள் மேல் ஏவினால் எதிர்க்கலாம், எதிர்க்கவும் வேண்டும். ஆனால் வழக்கு வந்த பிறகு இதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது தாமதம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். தலைமை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். காரசாரம் வேண்டாம், நாலு விஷயம் போதும்: கிளப் பயணச் செலவு பற்றிய உண்மை, ‘இரண்டு மாதம்’ என்பதைத் திருத்தவும் மருத்துவப் பத்தியை நீக்கவும் உங்கள் சம்மதம், மற்ற எல்லாவற்றிலும் செய்தி சரி என்ற உங்கள் நிலை, வழக்கு வந்தால் பத்திரிகை உங்களுக்காகவும் வாதாடுமா, அந்த ஷரத்தைப் பயன்படுத்தாதா என்ற நேரடிக் கேள்வி. பதில் எழுத்தில் வர வேண்டும். நேரில் கூப்பிட்டுப் பேசினால், பேசி முடித்த அன்றைக்கே ‘நாம் பேசியது இது’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எந்த மன்னிப்புக் கடிதத்திலும் அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளப் பிரஸ் கவுன்சிலுக்குப் போனால் பயப்படாதீர்கள், சொல்லப்போனால் அதுதான் நல்லது. வெளியான 20 வேலை நாளுக்குள் அவர்கள் புகார் கொடுக்கலாம், அங்கே நஷ்ட ஈடு கிடையாது, அதிகபட்சம் திருத்தமும் மன்னிப்பும்தான். உங்கள் பத்திரிகை கவுன்சிலில் உறுப்பினரா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஆசிரியரின் பதில் வந்ததும் அதையும், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். நீங்கள் அனுப்பியதில் மூன்றாம் பக்கம் விட்டுப்போயிருக்கிறது.